பார்சிலோனாவில் ஒரு சனிக்கிழமை: தாவூல் சுவரோவியங்கள்

போன வார இறுதியில் குடும்பத்தோடு பார்சிலோனா போயிருந்தோம். சனிக்கிழமை மதியம் மோன்ஜுயிக் குன்றில் இருக்கும் கட்டலோனியத் தேசியக் கலை அருங்காட்சியகத்துக்கு ஏறினோம். சனிக்கிழமைகளில் மூன்று மணிக்கு மேல் அனுமதி இலவசம். எஸ்பான்யா மெட்ரோவில் இறங்கினால், மேலே ஏற நகரும் படிக்கட்டு இருக்கிறது, பெரியவர்களையும் தாராளமாக அழைத்துப் போகலாம்.

உள்ளே அறைக்கு அறை ஒரு தேவாலயத்தின் பீடப்பகுதி, அதே அரைவட்ட வடிவில் நிற்கிறது. அவற்றில் இருக்கும் சுவரோவியங்கள், ஸ்பெயினின் வடக்கே உள்ள பிரனீஸ் மலைக் கிராமங்களில் 11, 12ஆம் நூற்றாண்டுகளில் தீட்டியவை. நாங்கள் முக்கியமாகப் பார்க்கப் போனது, அந்த மலையில் இருக்கும் தாவூல் ஊரின் சான் கிளிமென்ட் ஆலயத்துக் கிறிஸ்து ஓவியத்தை. 1123 டிசம்பர் 10 அன்று அர்ச்சிக்கப்பட்ட ஆலயம் அது.

படங்களில் எத்தனையோ தடவை பார்த்த முகம்தான். ஆனால் வளைந்த கூரையில் அண்ணாந்து பார்க்கும்போது அவர் நம் பக்கம் குனிந்து வருவது போலவே இருக்கிறது. கையில் விரித்த புத்தகத்தில் ‘உலகின் ஒளி நானே’ என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. பின்னால் இருக்கும் நீலம், அந்த மலைப்பகுதியிலேயே கிடைக்கும் ஏரினைட் என்ற கனிமத்தில் அரைத்தது. உள்ளூர்க் கல்லை வைத்துக்கொண்டு இப்படி ஒரு நிறத்தைக் கொண்டுவந்த அந்தப் பெயர் தெரியாத ஓவியரை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. வளைவின் பக்கத்தில், பைபிள் கதையில் வரும் ஏழை இலாசரைத் தேடிப் பாருங்கள். பணக்காரன் வாசலில் ஊன்றுகோலோடு இருக்கிறார், ஒரு நாய் நாக்கை நீட்டி அவர் கால் புண்ணை நக்குகிறது. பலர் அதைக் கவனிக்காமலே கடந்து போனார்கள். அதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

அப்புறம், பின்பக்கமும் போய்ப் பாருங்கள். முன்னால் கற்கோயில் மாதிரி தெரிவது, பின்னால் வெறும் மரச்சட்டங்கள். 1919இல் மூர் என்ற ஊரின் ஆலய ஓவியங்களை வியாபாரிகள் வாங்கிவிட்டார்கள், அவை பிறகு பாஸ்டனுக்குப் போய்விட்டன. மற்றவையும் அப்படிக் கைமாறிவிடக் கூடாது என்று பார்சிலோனாவின் அருங்காட்சியகக் குழு, ஓவியம் உரிப்பதில் கைதேர்ந்த இத்தாலியர்களை மலைக்கு அனுப்பியது. சுவரில் பசை தடவித் துணி ஒட்டுவார்கள். காய்ந்ததும் துணியை இழுத்தால் வண்ணப்படலம் அதோடு உரிந்து வந்துவிடும். சுருட்டிக் கோவேறு கழுதை மேல் ஏற்றி மலையிறக்கி, இங்கே மறுபடி விரித்து ஒட்டினார்கள். 1923க்குள் பெரும்பாலான வேலை முடிந்துவிட்டது. கோயிலை விட்டுப் பிரித்தது வருத்தம்தான். ஆனாலும் அன்று எடுத்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். இல்லையென்றால் இவை எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்காது.

*

வாசகர் பின்னூட்டம்: அக்கா, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் கோடை விடுமுறையில் தாவூலுக்கே போனோம். ஆறு அடுக்கு மணிக்கூண்டு தூரத்திலேயே தெரிந்துவிடும். உள்ளே ஓவியம் இருந்த வெற்றுச் சுவரின் மேல் ஒளிப்படமாக அதே கிறிஸ்துவைப் பாய்ச்சுகிறார்கள். கோடு கோடாக வரைந்து, வண்ணம் நிரம்பி, கடைசியில் ஆலயம் முழுக்க 1123இல் இருந்த மாதிரி ஆகிவிடுகிறது. ஒளி அணைந்த பிறகு உடனே வெளியே வந்துவிடாதீர்கள். உரித்தபோது தப்பிய பழைய வண்ணத் துண்டுகள் இன்னும் சுவரிலேயே இருக்கின்றன.

பக்கத்து ஊர் போயியின் சான் ஜோன் ஆலயத்தில் அதன் பழைய ஓவியங்களின் நகல்களை வைத்திருக்கிறார்கள். புனித ஸ்தேவானைக் கல்லால் அடிக்கும் காட்சியும், வித்தை காட்டுகிறவர்களும் உண்டு. இந்த வித்தைக்காரர்களின் மூல ஓவியம் நீங்கள் போன அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. அதைப் பார்த்தீர்களா அக்கா? நிறம் எப்படி இருந்தது?