ஓவியம் சொல்லிக்கொடுத்தவர்கள், படித்தவர்கள்: இன்னும் மனசை அரிக்கிற ஒரு சம்பவம் சொல்லுங்கள்

கரித்துண்டு:
நுண்கலைப் பட்டப்படிப்பு (பி.எஃப்.ஏ.) இரண்டாம் வருஷப் பிள்ளைகளை ஏற்காட்டுக்கு அவுட்டோர் ஸ்டடி கூட்டிப் போயிருந்தேன். 20 கொண்டை ஊசி வளைவு, பாதி வண்டி வாந்தி, அதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஏரிக்கரையில் ஆளுக்கொரு இடம் பிடித்து உட்காரச் சொல்லிவிட்டு ஒரு சுற்று வந்தேன். ஒருத்தன் ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். மடியில் போர்டு, போர்டின் மேல் கிளிப்பில் செருகின போன், போனில் அப்போதுதான் எடுத்த ஏரி. அதைப் பார்த்து வரைகிறான்! படகும் கரையும் கச்சிதமாக விழுந்திருந்தன. தண்ணீர் மட்டும் தகரம் அடித்த மாதிரி.

"திரும்பி உட்காருடா" என்றேன்.

"கண்ணு கூசுது சார். அதுவும் போக, போட்டோல படகு நகராது."

சுற்றி இருந்ததுகள் சிரித்தன. போட்டோ பார்த்து வரைவதே பாவம் என்கிற ஆள் இல்லை நான், அதனால் திட்டவும் வாய் வரவில்லை. அவனுக்கு என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?

செவ்வாய்ப்பேட்டைக்காரி:
பையன் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது சார். ஒரு நிமிஷ ஸ்கெட்ச் பழக்காமல் நேரே ஏரிக்குக் கொண்டுபோய் உட்காரவைத்தால் அசையாததைத்தான் தேடுவான். எங்கள் மேடம் முதலில் எங்களைத் துரத்தினது சேலம் லீ பஜார் மண்டிக்கு. பேனா மட்டும், ரப்பர் கூடாது. லாரியில் இருந்து வெல்லம் இறங்கிக்கொண்டிருந்தது. முதுகில் சிப்பத்தோடு பலகையில் இறங்கிய ஒரு அண்ணனை வரைந்தேன். இறக்கிவிட்டு வந்தவர், துண்டால் கழுத்தைத் துடைத்தபடியே எட்டிப் பார்த்தார்.

"உள்ள என்ன கண்ணு, பஞ்சா?"

"வெல்லம்ணா."

"30 கிலோ சிப்பம் ரெண்டு. இப்படி வெறச்சிக்கிட்டா நடப்பேன்?" என்றவர், வெறும் முதுகோடு அங்கேயே குனிந்து காட்டினார். தாடை முன்னால் வந்தது, முழங்கால் லேசாக மடங்கியது, பாதம் இரண்டும் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டன. வரைந்து முடிக்கிற வரைக்கும் அப்படியே நின்றார். பின்னால் மேஸ்திரி கத்துகிறார், மனுஷன் அசையவில்லை.

வகுப்பில் உட்காருகிற மாடலுக்குக் காசு உண்டு. இவருக்கு ஒரு டீகூட இல்லை, மேடம் அடுத்த தெருவுக்குக் கிளம்பிவிட்டார். எனக்கு இன்னும் உறுத்துவது அதுதான்.

பழைய வாத்தியார்:
ஏற்காட்டில் நானும் நிறைய பேட்சை மேய்த்திருக்கிறேன். ஒருமுறை பகோடா பாயிண்டில் பனி ஏறி எதிர் மலையே காணாமல் போனது. ஒரு பெண் தாளின் அடியில் கம்பித் தடுப்பை மட்டும் வரைந்து, மேலே முழுக்க வெள்ளையாக விட்டு, "முடிச்சிட்டேன் சார்" என்று நீட்டினாள். மார்க் போட்டேன். அது இருக்கட்டும்.

பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போகிறவர்கள் முதலில் பேப்பரைக் கவனியுங்கள். அந்தக் காற்றில் கார்ட்ரிட்ஜ் ஷீட், அதான் நாம் வரைகிற தடித்த தாள், ஈரம் குடித்து நமத்துப் போகும். பென்சில் அழுத்தினால் பள்ளம் விழும், ரப்பர் போட்டால் பிசிறு கிளம்பும். பாலிதீன் உறையில் வைத்து ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லுங்கள். எதிரே இருக்கிறதன் உயரத்தைப் பென்சிலை நீட்டி அளக்கும்போது ஒரு கண் மூடியிருக்க வேண்டும், முழங்கை மடங்கவே கூடாது. மடக்கி மடக்கி அளந்துவிட்டு, "மரம் வளருது சார்" என்பார்கள். இன்னொன்று, தூரத்து மலைக்கும் பக்கத்துச் சில்வர் ஓக் மரத்துக்கும் ஒரே கறுப்பைப் போடுவார்கள். நடுவில் இருக்கிற காற்று வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. தூரம் கூடக்கூடக் கறுப்பு வெளுத்து நீலம் ஏறும். மிளகுக்கொடி சுற்றின அடிமரம் இருக்கிறதே, நல்ல கறுப்பாக விழுகிற உங்கள் ஆறு பி (6B) பென்சிலின் முழுக் கறுப்பையும் அங்கே மட்டும் செலவழியுங்கள். எது கறுப்பு, எது வெளுப்பு என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

செவ்வாய்ப்பேட்டை அம்மணிக்கு: சென்னை போனால் மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பின்பக்கமாகவும் போய்ப் பாருங்கள். 1929-இல் சென்னை ஓவியப் பள்ளிக்கு முதல்வராக வந்த ராய் சௌத்ரி செய்தது. நாலு பேர் பாறையை நெம்புகிறார்கள். கனம் எங்கே இருக்கிறது என்று அந்தக் கால்களைப் பார்த்தால் புரியும்.

தாரமங்கலத்தான்:
ஐயா, அவர் கேட்டது பையனுக்கு என்ன பதில் என்று. நீங்கள் பேப்பருக்கு வைத்தியம் சொல்கிறீர்கள்.

என் கதை. கட்டடக்கலை (பி.ஆர்க்.) பிள்ளைகளுக்கு ஃப்ரீஹேண்ட் டிராயிங் எடுக்கிறேன். எங்கள் ஊர் கைலாசநாதர் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். ராமன் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரியும், வாலி பக்கத்திலிருந்து ராமன் தெரியாது என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்களே, அந்தத் தூண்கள். ஒரு பெண் ராமன் முகம், வாலி முகம் இரண்டையும் ஒரே தாளில், நடுவில் தூணோடு, வரைந்து வைத்திருந்தாள். கோடு அவ்வளவு சுத்தம்.

"எங்கம்மா நின்னு பாத்த?"

"நிக்கல சார், நடந்தேன்."

பர்ஸ்பெக்டிவ் அசைன்மெண்ட், அதாவது ஒரே இடத்தில் நின்று கண்ணுக்குத் தெரிகிறபடி வரைய வேண்டியது என்பதால் மார்க்கைக் குறைத்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசில்லை, ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டுதான் கொடுத்தேன்.

செவ்வாய்ப்பேட்டைக்காரி:
ஜெராக்ஸ் எடுக்கத் தெரிந்தது, மார்க் போடத் தெரியவில்லையா?

பழைய வாத்தியார்:
குறைத்தது சரிதான். பர்ஸ்பெக்டிவில் பார்க்கிறவன் நிற்கிற இடம் ஒன்றுதான். நடந்து பார்த்ததை, படத்தை நம் இஷ்டப்படி அமைக்கிற கம்போசிஷன் பாடத்தில் வரையட்டும், மார்க்கை அள்ளிப் போடுகிறேன். அப்புறம், அந்தக் கோயிலுக்கு ஸ்டடி கூட்டிப் போகிறவர்கள் காலையிலேயே போங்கள், மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள்.