மார்த்தாண்டம் பக்கம் பிசியோ அண்ணன்மார், அக்காமார் இருக்கிறீர்களா?

கருங்கல்லிலிருந்து எழுதுகிறேன், பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்படிப்பு) இரண்டாம் ஆண்டு. எங்களுக்குத் தியரி ஆன்லைனில், பிராக்டிகலுக்கு மட்டும் கல்லூரி. (முழுக்கத் தபாலிலேயே படிக்கலாமே என்கிறார் சித்தி. பிசியோதெரபிக்கு யுஜிசி அதை அனுமதிப்பதில்லை.)

தியரி பரவாயில்லை, கைப்பழக்கம்தான் வரவில்லை. நேற்று போனை அரிசி டப்பாவில் சாய்த்துவைத்து, வீடியோ பார்த்தபடி அம்மாவின் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று கோனியோமீட்டரில் (மூட்டின் கோணத்தை அளக்கும் கருவி) அளந்தேன். முதலில் 120 டிகிரி, மறுபடி அளந்தால் 135! கருவியின் அச்சை தொடை எலும்பின் வெளிக்குமிழ்மேல் சரியாக வைக்கவில்லை போல. மூட்டை மடக்கும்போது கடைசியில் கைக்குத் தட்டுப்படும் 'எண்ட் ஃபீல்' திரையில் எப்படித் தெரியும்?

மார்த்தாண்டம், தக்கலை பக்கம் கிளினிக் வைத்திருப்பவர்கள் ஞாயிறு ஒரு மணி நேரம் உங்கள் பக்கத்தில் நின்று பார்க்க விடுவீர்களா? சேர்ந்து பயிற்சி செய்ய ஆள் இருந்தாலும் சரி, கமெண்டில் சொல்லுங்கள். அம்மா இனிமேல் காலை நீட்ட மாட்டாராம்.