சும்மா கிடக்கும் பொது நிலங்களில் தீவனம் வளர்த்தால் பற்றாக்குறை தீருமா?

தொழுவம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு மூன்று கறவை மாடுகளை மட்டும் வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கத்தின் சார்பில் இதைக் கேட்கிறேன். ஆண்டுதோறும் கோடையின் பின்பாதியில் எங்கள் கூட்டங்களில் ஒரே பேச்சுதான் நடக்கிறது. வைக்கோல் போர் அடிமட்டத்துக்கு வந்துவிடுகிறது, பசுந்தீவனம் கண்ணில் படுவதில்லை, பிண்ணாக்கு, தவிடு போன்ற அடர்தீவனத்தை மட்டும் நம்பிக் கறந்தால் பாலில் வரும் வரவு தீவனச் செலவுக்கே போய்விடுகிறது. கடைசியில் சினை மாட்டைக்கூட விற்கிறார்கள்.

அதே வேளையில் வாய்க்கால் கரைகளும், சாலையோரங்களும், நீர் வற்றிய ஏரி உள்வாய்களும், கட்டடம் எழும்பாமலேயே புதர் மண்டிப்போன அரசு வளாகங்களும் எங்களைச் சுற்றிலும் கிடக்கின்றன. இவற்றில் ஒரு பகுதியையாவது தீவனம் வளர்க்கக் கேட்டு வாங்கலாம் என்று உறுப்பினர்கள் விரும்புகிறார்கள். பாசன வசதி இல்லாத இத்தகைய நிலத்தில் ஓர் எக்டேர் எத்தனை மாடுகளைத் தாங்கும்? எந்தப் புல்லைப் போடுவது? மாடுகளை ஓட்டிவிட்டு மேய்ப்பது நல்லதா, அறுத்து எடுத்துவருவது நல்லதா? நிலத்தை வைத்திருக்கும் துறையிடம் எந்த நிபந்தனைகளோடு அணுக வேண்டும்? அனுபவமும் படிப்பும் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

புல்வெளி எழுதியது:

ஐயா, நிலத்தைக் கேட்பதற்கு முன்னால் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது. ஒரு மாடு தன் உடல் எடையில் ஏறத்தாழ 2.5 முதல் 3 விழுக்காடு வரை உலர்பொருளாக, அதாவது நீரைக் கழித்த தீவனமாக, நாள்தோறும் உண்ணும். 400 கிலோ எடையுள்ள கறவை மாட்டுக்கு இது 10 முதல் 12 கிலோ ஆகிறது. பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு நீர்தான் என்பதால், 20 கிலோ புல் போட்டால் உள்ளே போகும் உலர்பொருள் 4 கிலோதான். மீதியை வைக்கோலும் அடர்தீவனமும்தான் ஈடுகட்ட வேண்டும். இந்த அளவில் ஒரு மாட்டுக்கு ஆண்டுக்கு ஏழு டன்னுக்குச் சற்று மேலாகப் பசும்புல் தேவைப்படும். மானாவாரியில், வளம் குன்றிய நிலத்தில், புல்லும் பயறுவகையும் கலந்து போட்டால் எக்டேருக்கு ஆண்டுக்கு 20 முதல் 25 டன் கிடைக்கும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். ஓர் எக்டேர் மூன்று மாடுகளுக்குப் பசுந்தீவனம் தரும் என்பதே இதன் பொருள். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லுக்கு 300 டன்னுக்கு மேல் விளைச்சல் என்று கையேடுகளில் படித்திருப்பீர்கள். அது தண்ணீரும் எருவும் தாராளமாகக் கிடைக்கும் தோட்டத்தின் கணக்கு. கேட்பாரற்றுக் கிடந்த புறம்போக்கு மண்ணுக்கு அதைப் பொருத்தினால் முதல் ஆண்டிலேயே உறுப்பினர்களின் நம்பிக்கை போய்விடும்.

மழையை மட்டும் நம்பிய மேட்டு நிலத்துக்குக் கொழுக்கட்டைப் புல்லையும் பயறுவகைத் தீவனமான முயல் மசாலையும் கலந்து விதைப்பதையே நான் பரிந்துரைப்பேன். கொழுக்கட்டைப் புல்லின் விதை பஞ்சு போல் லேசானது. ஈர மணலோடு பிசைந்து தூவினால்தான் காற்றில் பறக்காமல் மண்ணில் படியும். புதிதாக அறுத்த விதை ஆறு முதல் எட்டு மாதங்கள் வரை உறக்கத்தில் இருக்கும் என்பதால், வாங்கும்போதே எப்போது அறுத்த விதை என்று கேளுங்கள். முயல் மசால், இன்னொரு பயறுவகைத் தீவனமான வேலி மசால் ஆகியவற்றின் விதையுறை கடினமானது. கொதித்த நீரை இறக்கிச் சில நிமிடங்கள் ஆறவைத்து, 80 பாகை செல்சியஸ் அளவுக்கு வந்ததும் விதையை நான்கைந்து நிமிடங்கள் மட்டும் அதில் போட்டு எடுத்து, குளிர்ந்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால்தான் முளைப்பு ஒழுங்காக இருக்கும். முதல் ஆண்டில் ஒரு மாடுகூட உள்ளே இறங்கக் கூடாது. பயிர் ஒருமுறை விதை உதிர்த்துவிட்டால், அதன் பிறகு அந்த நிலம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

நேப்பியரைக் கழிவுநீரோ கசிவுநீரோ ஓடும் வாய்க்கால் ஓரத்தில் மட்டும் நடுங்கள். அதற்கு விதை கிடையாது, இரண்டு கணு உள்ள தண்டுத் துண்டான கரணையைத்தான் ஊன்ற வேண்டும் என்பதால், ஒருவர் தோட்டத்தில் நாற்றங்கால் போலப் பெருக்கிக்கொண்டாலே போதும். ஏரி உள்வாய் வேறு வகை. அங்கே நிலைத்து நிற்கும் புல்லும் கூடாது, உரமும் பூச்சிக்கொல்லியும் கூடாது; நீர் வடிந்த பின் எஞ்சும் ஈரத்தில் தீவனச் சோளத்தையும் காராமணியையும் கலந்து விதைத்து, இரண்டு மாதங்களில் அறுத்து வெளியேறிவிட வேண்டும்.

சீமைக்கருவேல் மண்டிய நிலமாக இருந்தால், தரைமட்டத்தில் வெட்டினால் முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டும். எடுத்த பின்னும் அதன் நெற்று தின்ற மாடுகளை அந்த நிலத்தில் விடாதீர்கள். விதை செரிக்காமல் சாணத்தோடு வெளிவந்து முளைத்துவிடும். குஜராத்தின் பன்னி புல்வெளியில், உப்பு நிலம் பரவுவதைத் தடுக்க 1960-களில் நட்ட இந்த மரம், ஒரு காலத்தில் மாடுகளுக்குப் பெயர்பெற்ற அந்தப் பரந்த வெளியின் பெரும்பகுதியை மூடியதில் மந்தைகளுக்கும் பங்கு உண்டு.

கால்நடைமருத்துவர் எழுதியது:

மேலே எழுதியவர் கூறியதை ஏற்றுக்கொள்கிறேன். நான் நிலத்தின் பழைய வரலாற்றைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகிறேன். யாரும் பயன்படுத்தாத இடம் என்றால், பெரும்பாலும் அது குப்பை கொட்டிய இடமாக இருக்கும். கம்பித் துண்டும் ஆணியும் தீவனத்தோடு உள்ளே போனால், இரண்டாம் இரைப்பை அறையில் தங்கி, அதன் சுவரைத் துளைத்து, இதயம் வரைக்கும் போகும். அப்படிப்பட்ட மாடு முதுகை வளைத்து, முன்னங்கால் முட்டிகளை விலாவிலிருந்து விலக்கி வைத்து நிற்கும். சரிவில் இறங்கத் தயங்கும். பால் திடீரென்று குறையும். நெஞ்சுப் பக்கம் வீக்கம் தெரியும் நிலைக்கு வந்துவிட்டால் காப்பாற்றுவது மிகக் கடினம். ஆகவே உழுவதற்கு முன் நிலத்தை நடந்து பொறுக்கிச் சுத்தம் செய்வதும், புல் நறுக்கும் இடத்தில் ஒரு வலுவான காந்தம் வைப்பதும் செலவில்லாத காப்பீடு.

பழைய வாகன மின்கலங்கள் கிடந்த இடத்தை அடியோடு தவிர்த்துவிடுங்கள். மாடுகளில் ஈய நஞ்சுக்கு மிகச் சாதாரணமான காரணம் அதுதான், நக்கிப் பார்க்கும் கன்றுகளே முதலில் சாகும். போக்குவரத்து மிகுந்த பழைய நெடுஞ்சாலைகளின் ஓரத்து மண்ணிலும் ஈயம் இருக்கலாம். ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை உலகிலிருந்து முற்றிலும் ஒழிந்ததே 2021-இல்தான். மண்ணில் படிந்தது அவ்வளவு விரைவில் போவதில்லை. இரயில் பாதை ஓரங்களில் களைக்கொல்லி தெளிப்பது வழக்கம் என்பதால், தெளிப்பு அட்டவணையை எழுத்தில் பெறாமல் அங்கே ஒரு கட்டுப் புல்கூட அறுக்க வேண்டாம். தொழிற்சாலைக் கழிவு கலக்கும் நீரில் வளரும் புல்லையும் மண், நீர்ப் பரிசோதனை இல்லாமல் மாட்டுக்குப் போடாதீர்கள்.

பயிரிலும் கவனம் வேண்டும். இளஞ்சோளத்திலும், மழையின்றி வாடிப் பிறகு ஒரு மழையில் துளிர்த்த சோளத்திலும் சயனைடு நஞ்சு இருக்கும். பூத்த பிறகு அறுங்கள். வேலியோரத்தில் சவுண்டல் என்னும் தீவன மரத்தை வளர்ப்பீர்களானால், அதன் தழை மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, அதிலுள்ள மைமோசின் என்ற நஞ்சு முடி கொட்டவும் தைராய்டு வீங்கவும் காரணமாகும். ஹவாய் ஆடுகளின் வயிற்றில் இந்த நஞ்சைச் சிதைக்கும் நுண்ணுயிரி இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ் கண்டறிந்து தம் நாட்டு மாடுகளுக்குக் கொண்டுசேர்த்தார். ஆனால் எல்லா இடத்து மாடுகளிலும் அது இருக்கும் என்று நம்பி இறங்க முடியாது. பார்த்தீனியமும் உண்ணிச்செடியும் அறுப்பில் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொதுநிலம் எழுதியது:

தொழுவம் அவர்களே, உங்கள் கேள்வியில் ஒரு சொல்லை மட்டும் மறுக்கிறேன். ‘சும்மா கிடக்கும்’ நிலம் என்று நாம் நினைப்பதில் பெரும்பாலானவற்றை யாரோ ஒருவர் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். ஆடு மேய்ப்பவர், தலைச்சுமையாகப் புல் அறுத்துச் செல்லும் பெண்கள், விறகு பொறுக்குபவர்கள் ஆகியோரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. உங்கள் சங்கம் வேலி போடும் நாளில்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரிவார்கள், அதுவும் எதிராளிகளாக. எனவே விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே வெவ்வேறு பருவங்களில் அந்த நிலத்தைப் போய்ப் பார்த்து, அங்கே வருபவர்களையும் பேச்சில் சேர்த்து, விளைச்சலில் அவர்களுக்கு உரிய பங்கை எழுத்தில் ஒதுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். இதை நான் நியாயத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அவர்கள் காவலாக நின்றால் வேலியே தேவைப்படாது.

ஹரியானாவின் சிவாலிக் அடிவாரத்தில் உள்ள சுக்கோமாஜ்ரி இதற்கு நல்ல சான்று. சண்டிகரின் சுக்னா ஏரி வண்டல் படிந்து தூர்ந்துவந்ததால், 1970-களில் அதன் நீர்ப்பிடிப்புக் குன்றுகளைக் காக்க முனைந்தார்கள். மேய்ச்சலை நிறுத்துங்கள் என்ற அறிவுரை அங்கே தனியாகச் செல்லுபடியாகவில்லை. சிறிய மண் அணைகள் கட்டி, தேங்கிய நீரில் நிலமற்ற குடும்பத்துக்கும் பங்கு தந்தபோதுதான் குன்றைக் காக்க எல்லாருக்கும் காரணம் கிடைத்தது. வனத்துறை முன்பு ஒப்பந்ததாரருக்கு விட்டிருந்த புல் அறுக்கும் உரிமையும் பின்னர் கிராமச் சங்கத்துக்கே வந்தது. ஆடுகள் குறைந்தன, தொழுவத்தில் கட்டித் தீவனம் போடும் எருமைகள் பெருகின.

பொது மேய்ச்சல் நிலம் எப்படியும் அழிந்தே தீரும் என்று அமெரிக்கச் சூழலியலாளர் காரெட் ஹார்டின் 1968-இல் எழுதியது இன்றும் அதிகாரிகள் வாயில் கேட்கிறது. அதற்கு எதிராக, பொது வளங்களை மக்களே காப்பதை ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரோம் காட்டிய சான்றுகளில் ஒன்று சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமம். குளிர்காலம் முழுவதும் தன் தீவனத்தால் எத்தனை மாடுகளைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனையை மட்டுமே ஒருவர் பொது மலைமேய்ச்சலுக்கு அனுப்பலாம் என்ற விதி அங்கே 1517-ஆம் ஆண்டுப் பதிவிலேயே இருக்கிறது. கோடையில் வெளியிலிருந்து மாடு வாங்கிவந்து பொது நிலத்தில் கொழுக்கவைத்து விற்க நினைத்தவர்களை அது தடுத்தது. உங்கள் சங்கத்திலும் இந்த ஆசை சிலருக்கு வரும். அறுக்கும் உரிமையை மாட்டின் எண்ணிக்கைப்படி பகிராமல் குடும்பத்துக்கு இத்தனை பாத்தி என்று பகிர்ந்தால் அந்தச் சிக்கல் எழாது.

துறையிடம் குத்தகையோ பட்டாவோ கேட்காதீர்கள். கேட்டவுடன் கோப்பு மூடப்படும். நில உரிமை துறையிடமே இருக்க, புல் வளர்த்து அறுத்துக்கொள்ளும் அனுமதியை மட்டும் கேளுங்கள். நிலையான கட்டுமானம் இல்லை, ஆழ்துளைக் கிணறு இல்லை, பார்வைக்கும் மின்கம்பிக்கும் இடையூறான மரம் இல்லை, கரை பராமரிப்புக்கு வேண்டும்போது ஒதுங்கிக்கொள்வோம் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். ஆனால் காலத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். முதல் ஆண்டு முழுவதும் புல் வேரூன்றவே போய்விடும் என்பதால், ஐந்து ஆண்டுகளுக்குக் குறைந்த அனுமதி உழைப்பை வீணாக்கும். ஓராண்டு ஏலம் என்றால் எடுத்தவர் மண்ணை வழித்து எடுத்துவிட்டுப் போவாரே தவிர விதை போட மாட்டார்.

தொழுவம் எழுதியது:

மிக்க நன்றி. ஆடு மேய்ப்பவர்களை நாங்கள் உண்மையாகவே கணக்கில் எடுக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவர்களையும் அழைக்கிறோம். ஒரு ஐயம் மட்டும் இருக்கிறது. இவையெல்லாம் மழையில் வளரும் புல். மழைக் காலத்தில் எங்களுக்குப் பற்றாக்குறை பெரிதாக இல்லையே? கோடையில்தானே வேண்டும்?

புல்வெளி எழுதியது:

நிலத்தைக் காட்டிலும் இதுதான் பெரிய கேள்வி. பொது நிலத்தில் மேய்க்காமல் அறுக்க வேண்டும் என்று சொல்வதற்கு முதன்மையான காரணமும் இதுவே. மேய்த்துவிட்ட புல்லைக் கோடைக்கு எடுத்துவைக்க முடியாது. பூக்கத் தொடங்கும் பருவத்தில் கொழுக்கட்டைப் புல்லை அறுத்து, பரப்பி, புரட்டிப் போட்டு, ஈரப்பதம் 15 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்வரை காயவைத்துப் போராக அடுக்கிவையுங்கள். மழை விடாத மாதத்தில் அது முடியாது என்றால், சோளத்தையும் நேப்பியரையும் குழியில் ஊறுகாய்ப் புல்லாகப் பதப்படுத்துங்கள். அறுத்ததும் சில மணி நேரம் வாடவிட்டு, இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் சாறு வடிந்தால் இன்னும் வாட வேண்டும். கையைத் திறந்ததும் உருண்டை மெதுவாக விரிந்தால் பதம் சரி. மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, காற்று நிற்காதபடி ஒவ்வோர் அடுக்கையும் மிதித்து, நெகிழித் தாளால் மூடி மண்ணேற்றி, 45 நாள் கழித்துத் திறக்கலாம். நன்றாக மிதித்த குழியில் ஒரு கன மீட்டருக்கு 500 முதல் 600 கிலோ வரை கொள்ளும் என்பதால், நாளுக்குப் பத்துக் கிலோ வீதம் நூறு நாள் கோடைக்கு ஒரு மாட்டுக்கு இரண்டு கன மீட்டர் குழி போதும். நிலம் கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இப்போதே கையிலிருக்கும் 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் நீரில் முழுவதும் கரைத்துச் சீராகத் தெளித்து, மூன்று வாரம் காற்றுப் புகாமல் மூடி, போடுவதற்கு முன் ஆறவிட்டுக் கொடுத்தால் அதன் புரதமும் செரிமானமும் கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு மட்டும் அதைக் கொடுக்கக் கூடாது. யூரியா கரைத்த வாளியை மாடு எட்டும் இடத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.