லாபமே இல்லாத ஆன்லைன் கடைக்கு என்ன விலை கொடுப்பது?

சேலத்துக்காரன்:
2021 ஐபிஓ (கம்பெனிகள் முதல்முறை பங்கு விற்றுச் சந்தைக்கு வருவது) அலையில் ஒரு ஆன்லைன் கடைப் பங்கை (பேர் வேண்டாம்) வாங்கி, பாதி விலைக்குத் தள்ளிவிட்டு வந்தவன் நான். இப்போது அதே மாதிரி இன்னொன்றைப் பார்த்துக் கை அரிக்கிறது. லாபம் இல்லை, பிஇ (விலை, லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்ற கணக்கு) பார்க்க வழியில்லை, சந்தை மதிப்போ வருட விற்பனையைப் போல 10 மடங்கு. “அமேசானும் அப்படித்தான் இருந்தது” என்கிறான் மச்சான். எப்படித்தான் கணக்குப் போடுகிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:
மளிகைக் கடைச் சங்கிலியான டிமார்ட் 100 ரூபாய்க்கு விற்றால் கடைசியில் நிற்பது சுமார் 5 ரூபாய், மளிகையில் அதுவே பெரிய விஷயம். உங்கள் கம்பெனி நாளைக் காலையே அந்த 5 சதவீதத்தைத் தொட்டுவிட்டது என்று வைத்தாலும் பிஇ 200 வருகிறது. விற்பனை 4 மடங்கானால்தான் 50. அதுவும் நடுவில் புதுப் பங்கு வெளியிட்டு லாபத்தில் நம் பங்கைக் குறைக்காமல் இருந்தால். ஊழியர்களுக்குப் பங்கை அள்ளிக் கொடுத்துவிட்டு, அந்தச் செலவைச் சேர்க்காமல் ‘அட்ஜஸ்டட்’ லாபம் காட்டுவார்கள், அதையும் பாருங்கள்.

மாலைநேர டிரேடர்:
டிமார்ட் ஒப்பீடு எல்லாவற்றுக்கும் பொருந்தாது சார். பிறர் சரக்கை விற்றுக் கொடுக்கிற தளம் கமிஷனை மட்டும்தான் வருமானமாகக் காட்டும், அதில் 20 சதவீதம் நின்றாலும் ஆச்சரியமில்லை. அப்புறம், லாபம் வரட்டும் என்று காத்திருப்பதும் ஒரு பந்தயம்தான். சொமாட்டோ 2021 ஜூலையில் 76 ரூபாய்க்கு வந்தது, மறு ஜூலையில் 40 பக்கம் கிடந்தது. மளிகை டெலிவரி கம்பெனி பிளிங்கிட்டை அது வாங்கியபோது திட்டாதவர் யார்? 2023 ஜூன் காலாண்டில் முதல் லாபம் 2 கோடி (கையிருப்புப் பணத்தின் வட்டி இல்லையென்றால் அதுவும் நஷ்டம்!), 2024 கடைசியில் விலை 300 பக்கம்.

பழைய பங்காளி:
மச்சானிடம் மீதிக் கதையையும் சொல்லச் சொல்லுங்கள். 1999 டிசம்பரில் அமேசான் 100 டாலருக்கு மேல், 2001இல் 6 டாலருக்குக் கீழ். உச்சத்தில் வாங்கியவர் போட்ட காசைப் பார்க்க 2009 ஆயிற்று. கம்பெனி ஜெயித்தது, அவர் 10 வருஷம் உட்கார்ந்திருந்தார். செல்லப்பிராணிப் பொருள் விற்ற பெட்ஸ்.காம் 2000 பிப்ரவரியில் பங்குச் சந்தையில் பட்டியலாகி நவம்பரிலேயே கடையை மூடியது, ஆன்லைன் மளிகை வெப்வேன் 2001இல் திவால். அமேசான் பிழைத்ததற்கு ஒரு காரணம், வாடிக்கையாளரிடம் காசு உடனே வரும், சப்ளையருக்குச் சில வாரம் கழித்துக் கொடுத்தால் போதும். இன்னொன்று, சந்தை சரியும் முன், 2000 பிப்ரவரியில், ஐரோப்பாவில் 69 கோடி யூரோ கடன் பத்திரம் விற்று வைத்திருந்தது. நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: கையில் எவ்வளவு ரொக்கம், வருஷத்துக்கு எவ்வளவு கரைகிறது.

சேலத்துக்காரன்:
பார்த்தேன். சொந்தச் சரக்குதான், கமிஷன் இல்லை. இப்போதைய வேகத்தில் கையிருப்பு 14 மாதம் தாங்கும். மச்சானுக்கு இன்னும் போன் போடவில்லை.