செய்திமடலா, பரப்புரையா? சலினாஸ் தீர்ப்பு குறித்த விவாதம்

கணக்கன்:
கலிஃபோர்னியாவின் சலினாஸ் நகரில், மின்சாரம், தொலைபேசி போன்றவற்றின் கட்டணத்தின் மீது விதிக்கப்பட்ட நகர வரியை நீக்கக் கோரும் ‘ஓ’ முன்மொழிவு 2002 நவம்பரில் வாக்கெடுப்புக்கு வந்தது. வரி போனால் எந்தெந்தச் சேவைகள் நிறுத்தப்படும் என்ற பட்டியலை நகர நிர்வாகம் இணையதளத்திலும், வீடுதோறும் அஞ்சலில் செல்லும் செய்திமடலிலும் வெளியிட்டது. அதை எதிர்த்து வந்த வழக்கில், அது வெறும் தகவல் என்று 2009இல் மாநில உச்ச நீதிமன்றம் ஏற்றது தவறு என்பது என் கருத்து. வரியை எதிர்ப்பவர்கள் கைக்காசில்தான் பரப்புரை செய்ய வேண்டும். எதிர்த்தரப்பான நகர நிர்வாகத்தின் அச்சுக்கூலியோ அவர்கள் கட்டிய வரியிலிருந்தே போயிற்று.

ஊர்க்குருவி:
பூங்காக்களுக்காக மாநிலம் கடன்பத்திரம் வெளியிடலாமா என்ற 1974 வாக்கெடுப்பில் மாநிலப் பூங்காத் துறையே ஆதரவுப் பரப்புரைக்குச் செலவிட்டதாக எழுந்த ஸ்டான்சன் வழக்கில், பொதுப்பணத்தில் ஒரு பக்கம் சாயக் கூடாது என்று அதே நீதிமன்றம் 1976இல் தீர்ப்பளித்தது. நடை, தொனி, வெளியிடும் காலம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. சலினாஸ் மடலோ காலாண்டுதோறும் வருவது. பட்டியலும் நகரமன்றம் பொதுக்கூட்டத்தில் முன்பே எடுத்த முடிவு. நகரின் பொது நிதியில் ஏறத்தாழ 13 சதவீதம் போகும்போது, என்ன நேரும் என்று கேட்கும் குடிமகனுக்கு விடை சொல்லாதிருப்பதா நடுநிலை?

கணக்கன்:
நூலகம், பொழுதுபோக்கு மையம் என்று மக்களுக்குப் பிரியமானவற்றையே வெட்டுப்பட்டியலில் வைத்தது யார்? அந்தத் தேர்விலேயே வாதம் அடங்கிவிட்டது, நண்பரே. தொனி எவ்வளவு அடக்கமாக இருந்தால் என்ன?

நெசவாளி:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ‘வாக்களியுங்கள்’ என்று வெளிப்படையாகச் சொன்னால் மட்டுமே தவறு என்று இதே வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வைத்த அளவுகோலை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே விளம்பரப் பலகையும் வாகன ஒட்டியும் நேரடி வேண்டுகோள் இல்லாமலேயே தடைக்குள் வரும். எனக்குள்ள குறை வேறு: தொனியையும் காலத்தையும் எடைபோடும் சோதனையின் விடை, தேர்தல் முடிந்து ஆண்டுகள் கழித்தே தெரிய வருகிறது. இவ்வழக்கில் ஆறாண்டுக்கும் மேல்!

கணக்கன்:
அதனால்தான் நாள்கணக்கு வேண்டும் என்கிறேன். வேட்பாளர் சார்பில் பொதுச்செலவில் ஒரே மடலைப் பலருக்கும் மொத்தமாக அஞ்சலில் அனுப்ப, தேர்தலுக்கு முந்தைய 60 நாட்களில் அங்கே இப்போது தடை உண்டு. முன்மொழிவுகளுக்கும் அதை நீட்டலாமே.

ஊர்க்குருவி:
நீட்டினால் அந்த 60 நாளும் பணமுள்ள தனியார் குழுக்களின் அஞ்சல் மட்டுமே வீடு தேடி வரும். அதில் பிழையான கணக்கு இருந்தாலும், வரவுசெலவு ஏட்டைக் கையில் வைத்திருக்கும் நகர நிர்வாகம் திருத்தி ஒரு வரி அனுப்ப முடியாது. அதை நீங்கள் ஏற்பீர்களா?