அலுமினிய வள்ளத்தில் றொட் ஹோல்டர் பூட்டிய அனுபவங்கள்

ஸ்காபரோவில் இருந்து:

ஓகஸ்ட் நெருங்கிவிட்டது. ஒன்ராறியோ ஏரியில் பெரிய சினூக் சால்மன்கள் ஆற்று வாய்களைத் தேடிக் கரைப்பக்கம் வரும் காலம். எங்கள் ஆட்கள் பலர் பழைய 16 அடி அலுமினிய வள்ளம் வாங்கியிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்த ஏரியில் வள்ளத்தில் இருந்து பிடிப்பவர் இரண்டு தூண்டில் போடலாம். மூன்று பேர் போனால் ஆறு தடி. ட்ரோலிங், அதாவது வள்ளத்தை மெதுவாக ஓட்டித் தூண்டிலை இழுத்துக்கொண்டு, போகும்போது ஆறையும் கையில் வைத்திருக்க முடியாது, வள்ளத்தில் பூட்டிய றொட் ஹோல்டர், அதாவது தடிதாங்கிதான் பிடிக்க வேண்டும்.

போன கோடையில் நண்பர் ஒருவருடைய வள்ளத்தில் போனோம். அவர் வாங்கும்போதே ஹோல்டர்கள் பூட்டியிருந்தன. முன்பு வைத்திருந்தவர் ஒவ்வொன்றையும் மேல் விளிம்பில் நான்கு ஸ்குரூவால் இறுக்கியிருந்தார். கையால் ஆட்டினால் அசையவே இல்லை. விட்பிக்கு வெளியே, டிப்சி டைவர் (தூண்டிலை ஆழத்துக்கு இழுத்துச் செல்லும் தட்டு) போட்ட தடியில் மீன் அடித்ததும் 'டக்' என்று ஒரு சத்தம். ஹோல்டரின் உள்பக்க ஸ்குரூ இரண்டும் பிடுங்கிக்கொண்டு வந்தன. நண்பர் பாய்ந்து தடியைப் பிடித்ததால் அது தப்பியது, மீன் போய்விட்டது.

கரைக்கு வந்து கிட்ட வைத்துப் பார்த்தோம். ஸ்குரூக்கள் முறியவில்லை, வளையவும் இல்லை. மரைக்குள் அலுமினியம் சுருள் சுருளாகச் சிக்கியிருந்தது. தகட்டில் இருந்த ஓட்டைகள் நீள்வட்டமாக விரிந்து, விளிம்பு உதடு போல மேலே பிதுங்கி நின்றது. ஒரு ஓட்டையைச் சுற்றி வெள்ளைத் தூள் வேறு. அலுமினியம் அரிக்கத் தொடங்கிய அடையாளம் அது.

இந்த வள்ளங்களின் தகடு ஏறத்தாழ 2 மி.மீ. தடிப்புத்தான். தகட்டு ஸ்குரூவில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளியும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆக, தகட்டைக் கவ்விப் பிடிப்பது ஒரேயொரு மரை. இனிக் கணக்கைப் பாருங்கள். டிராக்கை, அதாவது ரீல் நூலை விட்டுக்கொடுக்கத் தொடங்கும் இழுவையை, 10 பவுண்டுக்கு வைத்திருக்கிறீர்கள். தடி வளைவதால் அதன் முழு நீளமும் நெம்பாது, 5 அடி என்றே வைப்போம். ஹோல்டரின் அடித்தட்டில் ஸ்குரூக்களுக்கு இடையே 3 அங்குலம். 60 அங்குலத்தை 3ஆல் வகுத்தால் 20 மடங்கு. உள்பக்க ஸ்குரூக்களை மேலே இழுப்பது 200 பவுண்டு. டைவர் அடியில் கல்லில் சிக்கி, மோட்டார் தொடர்ந்து தள்ளிக்கொண்டிருந்தால், டிராக் உடனே இளகாதபோது அதற்கும் மேலே போகும்.

அதனால் நான் எல்லாருக்கும் சொல்வது இதுதான்: ஸ்குரூவை நம்ப வேண்டாம். ஊடுருவிப் போகும் கால் அங்குல ஸ்டெயின்லெஸ் போல்ட், விளிம்புக்குக் கீழே ஒரு தாங்கு தட்டு, அதன்கீழ் அகலமான வாஷர், நைலோன் பிடிக்கும் நட். தாங்கு தட்டுக்கு 6 மி.மீ. அலுமினியம் நல்லது. கிடைக்காவிட்டால் சமையலறை வெட்டுப்பலகை செய்கிற தடித்த வெள்ளை பிளாஸ்டிக் போதும், அது உக்காது, தண்ணீரும் குடிக்காது. ஹோல்டரின் அடித்தட்டைவிட ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலமாவது கூட இருக்கட்டும். அப்போதுதான் இழுவை தகட்டில் பரவும்.

ஓட்டை போடும் முன் கீழே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வயரும் பெட்ரோல் குழாயும் பெரும்பாலும் அந்த விளிம்புக்குக் கீழேதான் ஓடும். பிறகு ஹோல்டரை கிளாம்பால் தற்காலிகமாகப் பிடித்து, உங்கள் இருக்கையில் இருந்தபடியே தடியை வைத்து எடுத்துப் பாருங்கள். தடியின் அடிக்கட்டை வள்ளத்தின் உள்சுவரில் முட்டுகிறதா, ஓட்டுகிறவரின் முழங்கையில் இடிக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். துளைக்கும் இடத்தில் சென்டர் பஞ்சால் ஒரு குத்து, முதலில் சின்ன துளை, அப்புறம் பெரியது. பிசிறைச் சுரண்டி எடுத்து, துகளை வக்கியூமால் உறிஞ்சிவிடுங்கள்.

ஏஜாக்ஸில் இருந்து, தகட்டு வேலை செய்பவர்:

அண்ணை சொன்ன கணக்கு சரி. தாங்கு தட்டு விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டுத் தளம் போட்டு மிஞ்சிய பச்சை நிறப் பலகையைத் தட்டாக வைக்கவே வேண்டாம். உக்காமல் இருக்க அந்த மரத்தில் ஏற்றுகிற மருந்தில் செம்பு இருக்கிறது. ஈரம் பட்டால் செம்பு அலுமினியத்தைத் தின்னும். பழைய வள்ளம் ஒன்றைத் திருத்தக் கொண்டுவந்தார்கள். பலகை தொட்டுக்கொண்டிருந்த இடம் முழுக்கப் புள்ளி புள்ளியாக அரித்திருந்தது, மற்ற இடம் புதிது போல இருந்தது. பித்தளை போல்ட்டும் வேண்டாம், அதிலும் செம்புதான்.

அடுத்தது பசை. வினாகிரி மணம் வருகிற சிலிக்கனில் இருந்து அமிலம் வெளியேறும், அலுமினியத்துக்கு ஆகாது. கடல்சார் பொலியூரித்தேன் பசை வாங்குங்கள். அதிலும் நிரந்தரமாகப் பிடிக்கிற வகை வேண்டாம். நாளைக்கு ஹோல்டரைக் கழற்ற நினைத்தால் தகட்டையும் சேர்த்துக் கொண்டுவரும்.

மார்க்கத்தில் இருந்து:

அண்ணை, என்னுடைய வள்ளத்தில் விளிம்புக்குக் கீழே கை போகாது. உள்சுவர் மூடியிருக்கிறது. நட் போட வழியே இல்லை. ஸ்குரூதானே போட முடியும்?

ஏஜாக்ஸில் இருந்து:

இல்லை தம்பி, ரிவெட் நட் என்று ஒன்று இருக்கிறது. மேலே இருந்தே ஓட்டைக்குள் விட்டு, அதற்கான கருவியால் இழுத்தால் உள்ளே பிதுங்கித் தகட்டைக் கவ்விக்கொள்ளும். முழு மரையும் கிடைக்கும். ஆனால் தாங்கு தட்டோடு போட்ட போல்ட்டுக்கு ஈடில்லை. ஜிக் (ஈயத் தலை வைத்த தூண்டில்) அடிக்கிற தடிக்கு, வால்ஐ மீன் பிடிக்கிற தடிக்குச் சரி. டிப்சி தடிக்கு நான் சம்மதிக்க மாட்டேன். டிப்சி தடி பிடிக்கிற ஹோல்டர்களுக்கு மட்டும் உள்சுவரில் கை போகுமளவு வட்டம் வெட்டி, பிளாஸ்டிக் மூடி போட்டுவிடுங்கள். ஒரு காலைநேர வேலை.

இன்னொன்று, உங்கள் வள்ளம் எந்த நிறுவனத்தினது? லண்ட், டிராக்கர் போன்றவை பல மொடல்களில் விளிம்பிலேயே நீளமான பள்ளம் வைத்துத் தருகிறார்கள். அப்படியென்றால் ஓட்டையே போடத் தேவையில்லை. அடித்தட்டைப் பள்ளத்துக்குள் நகர்த்தி இறுக்கினால் போதும். ஒரு நிறுவனத்தின் பள்ளம் இன்னொன்றுக்குப் பொருந்தாது, அதைப் பார்த்து வாங்குங்கள்.

பரியில் இருந்து:

நாங்கள் சிம்கோ ஏரிக்காரர். கோடையில் இங்கே ஆளுக்கு ஒரு தூண்டில்தான், பெரும்பாலும் வாடகை வள்ளம். ஓட்டை போட்டால் வள்ளக்காரர் விடுவாரா! கிளாம்ப் ஹோல்டர்தான் கொண்டுபோவோம். தாடைக்கும் விளிம்புக்கும் இடையே பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை வைத்து இறுக்கினால் வழுக்காது, வண்ணப்பூச்சும் கீறாது. ஹோல்டரில் இருந்து இருக்கைச் சட்டத்துக்கு ஒரு கயிறும் கட்டிவிடுவேன். தடிக்குத் தனியாக இன்னொரு கயிறு. பைக் மீனும் லேக் ட்ரவுட்டும் இழுக்கிற இழுவைக்கு இது தாராளம்.

வன்கூவர் தீவில் இருந்து:

இங்கே உப்புத் தண்ணீர், கதையே வேறு. ஸ்டெயின்லெஸும் அலுமினியமும் நேராகத் தொட்டு, நடுவில் உப்பு ஈரம் நின்றால் மின்கலம் வேலை செய்யத் தொடங்கிவிடும். அரிபடுவது அலுமினியம். இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும். போல்ட்டில் டியூராலாக் அல்லது டெஃப் ஜெல் என்ற அரிப்புத் தடுக்கும் பூச்சு, தலைக்குக் கீழே நைலோன் வாஷர், ஓட்டைக்குள் நைலோன் குழல். போல்ட் 316 தர ஸ்டெயின்லெஸ். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் ஹோல்டரின் அடியைக் கழுவுவேன். ஏரிக்காரருக்கு இவ்வளவு தேவைப்படாது. ஆனால் குளிர்காலத்தில் உப்புப் போட்ட வீதியில் வள்ளத்தை இழுத்துப் போகிறவர்கள் இதையும் யோசியுங்கள்.

ஸ்காபரோவில் இருந்து:

வீதி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 401 நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் குலுங்குகிற குலுக்கலில்தான் நட்டுகள் இளகுகின்றன, தண்ணீரில் இல்லை. ஓடும்போது ஹோல்டரை அடித்தட்டில் இருந்து கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள், மேலே பாரம் குறையும். வசந்தத்தில் வள்ளம் இறக்கும் முன் ஒவ்வொரு நட்டிலும் சாவியை வைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் தட்டு வைத்தவர்கள் முதல் சில பயணங்களுக்குப் பிறகும் ஒரு தரம் இறுக்குங்கள். அழுத்தத்தில் அது கொஞ்சம் அமுங்கும்.

மார்க்கம் தம்பி, சனிக்கிழமை வள்ளத்தை இங்கே கொண்டு வாருங்கள். வட்டம் வெட்டுகிற வாள் என்னிடம் இருக்கிறது.