கலைச்சொல்: ‘வின்டர் டயர்’, பனிக்கால டயரா, கடுங்குளிர் டயரா?

ஓசூரிலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு,

வண்டிப் பராமரிப்புச் சொற்பட்டியலில், குளிர்நாடுகளில் குளிர்காலத்துக்கென்று மாட்டும் ‘வின்டர் டயர்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் இன்னும் காலியாகவே நிற்கிறது. ஜெர்மனிக்கும் கனடாவுக்கும் வேலைக்குப் போகும் நம் மாவட்டப் பிள்ளைகளுக்கு முதல் குளிர்காலத்திலேயே வந்து விழும் செலவு இது. ‘பனிக்கால டயர்’ என்று முன்மொழிகிறேன். கோடை டயரையும் இதையும் ஆண்டுக்கு இருமுறை மாற்றி மாற்றிப் போடுவதைப் ‘பருவ டயர் மாற்றம்’ எனலாமா?

தர்மபுரியிலிருந்து:

அம்மா, வணக்கம். ‘பனி’ வேண்டாம். தைப்பனி தரையைத் துளைக்கும் என்று நாம் சொல்வது புல்லில் இறங்கும் பனியை. விடியற்காலையில் ரோட்டில் பனி என்று லாரிக்காரர் சொன்னால் அது மூட்டம். வெண்பனி இரண்டிலும் இல்லை.

அதைவிட முக்கியம், இந்த டயர் வெண்பனிக்கு மட்டுமானதும் இல்லை. ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் விறைத்துப் பிடிமானம் குறைகிறது. காய்ந்த ரோட்டிலும் இதுதான் நிலை. வின்டர் டயரின் ரப்பர் கலவை அந்தக் குளிரிலும் மெத்தென்றே இருக்கும். தரையைத் தொடும் பட்டன் கட்டைகளில் மெல்லிய வெட்டுகள் நிறைய இருப்பதால் அவை விரிந்து வெண்பனியைக் கவ்வும். மார்கழி விடியலில் தளியில்கூட 7 பாகைக்குக் கீழே போவது அரிது. அதனால் ‘குளிர்கால டயர்’ என்றாலும் நம் குளிர்காலத்தைத்தான் நினைப்பார்கள். ‘கடுங்குளிர் டயர்’ என்று வையுங்கள். டயர் கடையிலும் வாயில் வரும்.

விளக்கக் குறிப்பில் அடையாளத்தையும் சேர்க்க வேண்டும். பக்கச் சுவரில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் பனிச்செதிலும் இருக்க வேண்டும். சேறு, பனி என்பதைக் குறிக்கும் ‘எம் பிளஸ் எஸ்’ எழுத்து மட்டும் போதாது. 2024 அக்டோபர் முதல் ஜெர்மனியில் அதைக் கடுங்குளிர் டயராக ஏற்பதில்லை. அங்கே சட்டம் தேதியைப் பார்ப்பதில்லை, ரோட்டின் நிலையைத்தான் பார்க்கிறது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் தேதி உண்டு: டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை.

காவேரிப்பட்டணத்திலிருந்து:

‘கடுங்குளிர் டயர்’ எனக்கும் சம்மதம். ‘பருவ டயர் மாற்றம்’தான் இடிக்கிறது. அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன, கூலியும் வேறுவேறு. தலையணையை மாற்றுவது வேறு, தலையணை உறையை மாற்றுவது வேறு.

கடுங்குளிர் டயருக்கென்று தனி டிஸ்க் (டயர் ஏறி உட்காரும் உலோகச் சக்கரம்) நான்கு வாங்கி வைத்திருந்தால் ஜாக்கி போட்டு, நட்டைக் கழற்றி, முழுச் சக்கரத்தையும் மாற்றிவிடலாம். பழகிய கைக்கு ஒரு மணி நேர வேலை. ஒரே டிஸ்க் என்றால் டயரைப் பிரித்து, மற்றதை ஏற்றி, காற்றடித்து, நான்கையும் மறுபடி பேலன்சிங் செய்ய வேண்டும். கூலி ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் டயரின் ஓரக்கம்பி அடிபடலாம், டிஸ்க்கினுள் இருக்கும் காற்றழுத்த உணரி உடையலாம்.

கணக்கு இப்படி: கூலி வேறுபாடு ஒரு முறைக்கு 40 யூரோ என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு இரண்டு, நான்கு ஆண்டுக்கு எட்டு, ஆக 320 யூரோ. நான்கு டிஸ்க்கும் அதற்குள் கிடைத்தால் வாங்குவதே லாபம். டயருக்கு இரட்டைச் செலவு என்று புலம்பவும் வேண்டியதில்லை. ஒரு செட் ஓடும்போது மற்றது தேய்வதில்லை.

ஆகவே டிஸ்க்கோடு மாற்றுவதற்குச் சக்கரமாற்று, டயரை மட்டும் மாற்றுவதற்கு உறைமாற்று. இரண்டையும் ஒரே பதிவில் அடைக்காதீர்கள். விலை கேட்கும்போது எதற்கு என்று தெரியாமல் ஏமாறுவது இங்கேதான்.

சக்கரமாற்றுப் பதிவில் இவையும் வேண்டும்: மாட்டும் முன் சக்கரம் பொருந்தும் ஹப்பில் துருவைத் தேய்த்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பருவத்தில் சக்கரம் ஒட்டிக்கொண்டு கழலாது. நட்டை எதிரெதிராக, முறுக்களவுச் சாவியால், வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். கார்களுக்குப் பெரும்பாலும் 100 முதல் 120 நியூட்டன் மீட்டர். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். செலவை மிச்சம் பிடிக்க முன்னால் இரண்டு மட்டும் போடுவது ஆபத்து, வளைவில் பின்பக்கம் வழுக்கிச் சுழலும்.

ஓசூரிலிருந்து:

சக்கரமாற்று, உறைமாற்று இரண்டையும் ஏற்கிறேன். தலையணை உவமையையே விளக்கத்தில் வைத்துவிடலாம். அந்த மெல்லிய வெட்டுகளுக்கு ‘கீறல்’ என்று போட்டால் சரியா?

ஊத்தங்கரையிலிருந்து:

கீறல் என்றால் டயர் கெட்டுவிட்டது என்று பொருள், அம்மா. ‘இழைவெட்டு’ என்று போடுங்கள். பட்டன் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் இழைவெட்டு இருந்தும் பனியில் பயன் குறைவு என்பதையும் சேர்க்கலாம். சட்டம் பல நாடுகளில் 1.6 வரை விடுகிறது, ஆனால் அது பனியை மனத்தில் வைத்துச் சொன்ன அளவு அல்ல.

கழற்றிய செட்டை வைக்கும் முறையும் காவேரிப்பட்டணத்தார் பிரித்த பிரிவிலேயே வருகிறது. டிஸ்க்கோடு இருந்தால் படுக்க வைத்து அடுக்கலாம், தொங்கவும் விடலாம். டயர் மட்டும் என்றால் நிமிர்த்தி நிறுத்தி, அவ்வப்போது சற்று உருட்டி வைக்க வேண்டும். எதுவானாலும் எந்தப் பக்கச் சக்கரம் என்று சாக்பீசால் எழுதிவிட்டு எடுத்து வைக்கட்டும்.